கதையாட்டம் நடத்தும் கலை

ஆட்டங்கள் பலவகைப்படும். ஓடியும் பாய்ந்தும் ஆடுபவை சில. ஓரிடத்தில் அமர்ந்து ஆடுபவை சில. பல்லாங்குழி, தாயம், பரமபதம் முதலியன நம் முன்னோர் அமர்ந்து ஆடிய ஆட்டங்கள். இராயபுரத்திலும் காசிமேட்டிலும் மாலைப்பொழுதில் கேரம் பலகையைச் சூழ்ந்து நிற்கும் இளைஞர் கூட்டத்தை நீங்கள் நாள்தோறும் காண்கின்றீர்கள். இவ்வாட்டங்கள் எல்லாவற்றிற்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. முடிவில் ஒருவர் வெல்வார், மற்றவர் தோற்பார்.

வெற்றியும் தோல்வியும் இல்லாத ஆட்டமும் ஒன்று உண்டு என்றால் நீங்கள் வியப்படையலாம். நால்வர் அல்லது ஐவர் வட்டமாக அமர்வர். ஒவ்வொருவரும் கதையில் வரும் ஒரு மாந்தராகத் தம்மைக் கருதிக்கொள்வர். ஒருவர் மீனவர், ஒருவர் மருத்துவர், ஒருவர் காவலர். அவர்களுள் சேராத மற்றொருவர், கதை நிகழும் இடத்தையும் காலத்தையும் எடுத்துரைத்து, "இப்பொழுது நீ என் செய்வாய்?" என்று கேட்பார். அவரவர் தம் மனத்திற்குத் தோன்றியதைக் கூறுவர். கூறியது கைகூடுமோ கூடாதோ என்னும் ஐயம் எழுந்தால் பகடை உருட்டிப் பார்ப்பர். இவ்வாறு சொல்லும் செயலும் பின்னிப் பின்னிக் கதை வளரும். ஆங்கிலத்தில் இதனை 'ரோல் பிளேயிங் கேம்' என்பர். நாம் கதையாட்டம் என்று வழங்கலாம்.

வட்டத்தின் நடுவே வினாத் தொடுப்பவரைக் 'கேம் மாஸ்டர்' என்பர். அவர் தம் பணியில் சிறந்து விளங்குவது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருள். இஃது ஓர் ஆட்டத்தைப் பற்றிய செய்திதானே என்று எண்ணிவிடாதீர்கள். பலரை ஓரிடத்தில் கூட்டி, ஒருவர் குரலும் அமுங்காமல் ஒரு செயலை நடத்திச் செல்லும் திறம் வீட்டுக்கும் வேண்டும்; நாட்டுக்கும் வேண்டும்.

பிறந்த வரலாறு

இவ்வாட்டத்தின் வேர் போர்க்களத்தில் உள்ளது. பிரஷ்ய நாட்டுப் படைத்தலைவர்கள் நிலப்படத்தின்மேல் சிறு கட்டைகளை நகர்த்திப் போர்ப்பயிற்சி செய்தனர். ரைஸ்விட்ஸ் என்னும் இளம் படையதிகாரி, தம் தந்தையார் தொடங்கிய ஆட்டத்தைத் திருத்தி, 1824-ஆம் ஆண்டில் படைத்தலைமையினர்முன் ஆடிக்காட்டினார். இரு பக்கத்தாரும் தம் கட்டளைகளை நடுவரிடம் கூறுவர். நடுவர் பகடையை உருட்டி விளைவைச் சொல்வார். நாளடைவில் விதிகள் பெருகின, ஆட்டம் சுமையாயிற்று. 1876-இல் வெர்டி து வெர்நுவா என்னும் படைத்தலைவர், பட்டறிவுடைய நடுவர் ஒருவரின் தெளிந்த தீர்ப்பே விதிப்புத்தகத்தினும் சிறந்தது என்று வாதிட்டார். நல்ல நடுவர் யார் என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது.

1960-களின் இறுதியில் அமெரிக்க நாட்டின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் ஓர் ஆட்டம் நடத்தினார். பிரவுன்ஸ்டைன் என்னும் கற்பனை நகரை அமைத்து, வந்தவர்க்கெல்லாம் தனித்தனிப் பொறுப்பு வகுத்தார். அவரோ ஒழுங்காக நடக்கும் ஒரு போராட்டத்தை எதிர்பார்த்தார். ஆடவந்தவரோ தமக்குள் கூடிப் பேசினர், சூழ்ச்சி செய்தனர், இருவர் அவரிடம் வந்து, தாம் வாட்போருக்கு அறைகூவிக்கொண்டதாகக் கூறினர். அதற்கு அவரிடம் விதியே இல்லை! அன்றைய ஆட்டம் குழப்பத்தில் முடிந்ததாகவே அவர் கருதினார். ஆனால் ஆடியவர்களோ, "மீண்டும் எப்பொழுது?" என்று அவரை விடாது கேட்டனர். அக்குழுவைச் சேர்ந்த டேவ் ஆர்னிசன் அவ்வழியைப் பின்பற்றித் தாமும் ஓர் ஆட்டம் அமைத்தார். பின்னர் அவரும் கேரி கைகாக்ஸ் என்பவரும் சேர்ந்து 1974-இல் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். முதலில் அச்சிட்டவை ஆயிரம் படிகளே. இன்று அவ்வாட்டமும் அதன் வழிவந்தவையும் உலகெங்கும் பரவியுள்ளன.

தோற்றதாக நடத்தியவர் நினைத்த ஆட்டமே ஆடியவர்க்கு இனித்தது என்னும் இச்செய்தியை நினைவிற் கொள்ளுங்கள். இதன் பொருள் எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. பட்டபின்னரே விளங்கியது.

நம் நாட்டு உறவு

இவ்வாட்டம் மேலை நாட்டிலிருந்து வந்தது. ஆனால் அதனை நடத்துவோரின் பணி நமக்குப் புதியது அன்று. வட தமிழ்நாட்டில் திரௌபதியம்மன் கோயில் விழாக்களில் தெருக்கூத்து நிகழும். அங்கே கட்டியங்காரன் என்று ஒருவன் வருவான். திரைக்குப் பின் நிற்கும் அரசனை, "வருபவர் யார்? எந்த நாட்டவர்?" என்று கேட்டு அவையோர்க்கு அறிமுகம் செய்வான். அரசனுக்குக் காவலன் வேண்டுமா? அவனே காவலன். தூதன் வேண்டுமா? அவனே தூதன். அவை சோர்ந்தால் நகைக்க வைப்பான். கதை இடறினால் தூக்கி நிறுத்துவான். இரவு முழுதும் மேடையில் இருப்பவன் அவனே. எனினும் கூத்து அவனுடையது அன்று. அருச்சுனனுடையது, கர்ணனுடையது, பாஞ்சாலியுடையது.

இலக்கியம் கற்ற மாணவர்கள் இங்கே ஒன்று கேட்கலாம்: "ஐயா, சீவக சிந்தாமணியிலும் கட்டியங்காரன் ஒருவன் வருகின்றானே?" ஆம். சச்சந்தன் என்னும் மன்னன் தன் ஆட்சியை நம்பி ஒப்படைக்க, அதனைத் தனக்கே உரிமையாக்கிக்கொண்ட அமைச்சன் அவன். கூத்தின் கட்டியங்காரன் வேறு. காப்பியத்தின் கட்டியங்காரன் வேறு. ஆயினும் கதையாட்டம் நடத்துவோர் இருவரையும் நினைவில் வைத்தல் நன்று. ஆடுவோர் நம்பிக்கையோடு ஒப்படைத்த ஆட்டத்தைத் தமக்கே உரிமையாக்கிக் கொண்டால், முன்னவன் பின்னவனாக மாறிவிடுவான்.

'மாஸ்டர்' என்பதற்குத் 'தலைவர்' என்று மொழிபெயர்ப்பாரும் உளர். யான் 'நடத்துநர்' என்னும் சொல்லையே விரும்புகின்றேன். "அது பேருந்தில் சீட்டுக் கொடுப்பவரின் பெயராயிற்றே!" என்று நகைக்காதீர்கள். திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்குச் செல்லும் பேருந்தில் அவரைக் கண்டதில்லையா? முன்னே நிற்பவரை உள்ளே நகரச் சொல்வார். மூதாட்டிக்கு இடம் வாங்கித் தருவார். இறங்க வேண்டியவரை மறவாமல் இறக்கிவிடுவார். ஒவ்வொருவரும் எங்கே செல்ல வேண்டும் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை, கேட்டறிகின்றார். கதையாட்டம் நடத்துவோர்க்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறு இல்லை.

யான் பட்ட தோல்வி

யான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். என் வகுப்பில் ஓர் ஊசி விழுந்தாலும் ஓசை கேட்கும். அதனைப் பெருமையாகவும் எண்ணியிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறையில் என் பெயர்த்தி இவ்வாட்டத்தின் முறையை எனக்கு விளக்கி, "தாத்தா, உங்களுக்குத்தான் கதை சொல்ல வருமே; எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஆட்டம் நடத்துங்கள்" என்றாள். யானும் இசைந்தேன்.

வட சென்னைப் பிள்ளைகளுக்கு வட சென்னையின் கதையே ஏற்றது என்று முடிவு செய்தேன். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை அணுகி, நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் பெருந்தொட்டிகள் பற்றி எரிந்தன. சிலர் உயிரிழந்தனர். அரைமணிப் பொழுதிற்குள் எல்லாம் முடிந்து, கப்பல் இருளில் மறைந்தது. உயர்நீதிமன்ற மதிலில் உள்ள நினைவுக்கல் அவ்விரவை இன்றும் நினைவூட்டுகின்றது. இதனைவிடச் சுவையான கதைக்களம் வேறு எங்கே கிடைக்கும்?

இருபது பக்கம் எழுதினேன். பிள்ளைகள் எண்ணெய்த் தொட்டியை நோக்கி ஓட வேண்டும். அங்கே சிக்கிக்கொண்ட தொழிலாளரை மீட்க வேண்டும். இறுதியில் ஒருவர் வீரவுரை ஆற்ற வேண்டும். அவ்வுரையையும் யானே எழுதிவைத்தேன்.

ஐந்து பிள்ளைகள் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தனர். மீனவராக ஆடிய சிறுவனிடம், "வானம் சிவக்கின்றது, வெடியோசை கேட்கின்றது. என் செய்வாய்?" என்றேன். அவன் சிறிதும் தயங்காமல், "முதலில் வீட்டுக்கு ஓடிப் பாட்டியைத் தூக்கிக்கொண்டு வடக்கே போவேன்" என்றான். என் இருபது பக்கங்களில் பாட்டி இல்லை. "இல்லை, இல்லை, நீ வீரன். தொட்டிப் பக்கம் ஓடுகின்றாய்" என்றேன். அவன் தலையாட்டினான். பிறகு மற்றவரும் ஒருவர்பின் ஒருவராகத் தலையாட்டினர். அரைமணி நேரத்தில் அத்திண்ணையில் என் குரல் ஒன்றே கேட்டது. அமைதி நிலவியது, என் பழைய வகுப்பின் அமைதி! மீனவச் சிறுவன், "அம்மா கூப்பிடுகிறார்கள்" என்று எழுந்து சென்றான். யாரும் கூப்பிட்டதாக எனக்குக் கேட்கவில்லை.

இரவு உணவின்போது என் பெயர்த்தி சொன்னாள்: "தாத்தா, நீங்கள் பாடம் நடத்தினீர்கள், நாங்கள் ஆடவில்லை."

அச்சொல் என்னை உறங்கவிடவில்லை. அதனினும் சுட்டது வேறொன்று. எம்டன் குண்டுவீச்சிற்குப் பின் சென்னை மக்கள் என் செய்தனர் என்று மறுநாள் மீண்டும் படித்தேன். பல்லாயிரம் மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நகரைவிட்டு வெளியேறினர் என்று வரலாறு கூறுகின்றது. அச்சிறுவன் சொன்னதே உண்மைக்கு அருகில் இருந்தது. யான் எழுதிய இருபது பக்கமே பொய்யாக இருந்தது.

முதலும் கருவும் உரியும்

பிழை எங்கே நேர்ந்தது என்று ஆராய்ந்தேன். விடை நான் பலமுறை பாடம் சொன்ன நூலிலேயே இருந்தது. தொல்காப்பியர் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மக்கள், உணவு, மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள். அங்கு வாழ்வோர் உள்ளத்தில் நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள்.

கதையாட்டத்தில் முதலையும் கருவையும் அமைப்பதே நடத்துநர் கடமை, உரி ஆடுவோருடையது. எம்டன் வந்த இரவு முதற்பொருள். கரையில் கிடக்கும் கட்டுமரங்கள், காயும் வலைகள், அந்நாளில் உயர்நீதிமன்றக் கோபுரத்தின்மேல் எரிந்த கலங்கரை விளக்கு, 1856 முதல் புகைவண்டி கண்ட இராயபுரம் நிலையம், எண்ணெய்த் தொட்டிகள் ஆகியவை கருப்பொருள். இவற்றை யான் எத்துணை நுட்பமாக அறிந்துவைத்தாலும் தகும். ஆனால் அவ்விரவில் ஒருவன் அஞ்சுவானோ, துணிவானோ, பாட்டியை நினைப்பானோ, பிறரை நினைப்பானோ என்பதை முடிவு செய்ய எனக்கு உரிமை இல்லை. யான் உரிப்பொருளையும் எழுதிவைத்தேன். அதனால் ஆட்டம் செத்தது.

சென்னைத் துறைமுகத்திற்குள் நுழையும் பெருங்கப்பலைக் கரையிலிருந்து பார்த்திருப்பீர்கள். 'பைலட்டு' எனப்படும் வழிகாட்டி சிறுபடகில் சென்று அக்கப்பலில் ஏறுகின்றார். எங்கே ஆழம், எங்கே நீரோட்டம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் வழி சொல்ல, கப்பல் துறை சேர்கின்றது. ஆயினும் கப்பலின் தலைமை அதன் தலைவரிடமிருந்து நீங்குவதில்லை. நீர்நிலையை முற்ற அறிந்திருத்தல் வேறு. கப்பலைத் தமதாக்கிக்கொள்ளுதல் வேறு. நடத்துநர் ஆக விரும்பும் மாணவர் இவ்வேறுபாட்டை முதற்கண் உணர்தல் வேண்டும். வழியைத் திட்டமிடாதீர்கள், இடத்தைத் திட்டமிடுங்கள். ஊர் எது, அதில் யார் யார் உளர், அவரவர்க்கு என்ன வேண்டும், நீங்கள் ஒன்றும் செய்யாவிடில் என்ன நிகழும் என்னும் நான்கிற்கும் விடை எழுதிவைத்தால் ஒரு பக்கம் போதும்.

எண்வகை விடை

நடத்துநர் பகுதி நேரம் கேட்கின்றார்; பகுதி நேரம் விடை சொல்கின்றார். விடை சொல்லும் முறையை நன்னூலார் எட்டாக வகுத்ததை நீங்கள் இலக்கணத்தில் கற்றிருப்பீர்கள். அவ்வெட்டனுள் இவ்வாட்டத்திற்கு நஞ்சாவன மறையும் ஏவலும் ஆம். "தொட்டிப் பக்கம் போகலாமா?" என்று கேட்பவனிடம் "போகாதே" என்றால் கதை அங்கேயே நின்றுவிடும். "போகலாம்" என்னும் நேர்விடை அதனினும் நன்று; ஆனால் சுவை குறைவு. "போனால் அனல் முகத்தைச் சுடும்; ஆனால் அங்கே யாரோ கதறும் குரலும் கேட்கின்றது" என்று உறுவது கூறல் விடையால் சொல்லிப் பாருங்கள். கேட்டவன் உள்ளத்தில் ஒரு போராட்டம் எழும். தெரிந்து தேர்ந்தால்தான் அது தேர்வு ஆகும். என்ன வரும் என்பதை மறைத்துவைத்து, வந்தபின் "நீதானே தேர்ந்தாய்" என்று கூறுவது அறமன்று.

தமிழில் 'கேள்வி' என்னும் சொல்லுக்கு வினா என்றும் பொருள். செவியால் கேட்டறிதல் என்றும் பொருள். திருவள்ளுவர் கேள்விக்குத் தனி அதிகாரம் வகுத்தார். வினவுதலும் செவிமடுத்தலும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பதன் அருமையை அத்திண்ணையில் தோற்ற பின்னரே யான் உணர்ந்தேன். நல்ல நடத்துநர் ஆவதற்கு முதலில் வேண்டுவது நாவன்மை அன்று, செவிநலமே. மறுமொழிக்குக் காத்திராத வினா வினாவே அன்று.

பகடையும் நடுவுநிலையும்

பகடை உருட்டுவதிலும் ஓர் ஒழுக்கம் உண்டு. ஆறு முகமுடைய பகடை இரண்டை உருட்டினால் முப்பத்தாறு வகையாக விழும். கூட்டுத்தொகை ஐந்தோ அதற்கு மேலோ வருவது முப்பது வகை. ஏழோ அதற்கு மேலோ வருவது இருபத்தொரு வகை. பத்தோ அதற்கு மேலோ வருவது ஆறே வகை. எளிய செயலுக்கு ஐந்து, நடுத்தரமானதற்கு ஏழு, அரியதற்குப் பத்து என்று வரையறுத்துக்கொண்டால் போதும். உருட்டுவதற்கு முன்னரே எண்ணைச் சொல்லிவிட வேண்டும். உருட்டிய பின் எண்ணை மாற்றுவது சகுனியின் தொழில்.

எல்லாவற்றிற்கும் பகடை உருட்டுதலும் பிழையே. படிக்கட்டில் ஏறுவதற்குப் பகடை எதற்கு? கைகூடினும் சுவை உண்டு, கைகூடாவிடினும் சுவை உண்டு என்னும் இடத்தில்தான் அதற்கு வேலை. தோல்வியும் கதையை முன்னே தள்ள வேண்டும். பூட்டை உடைக்க முயன்றவன் தோற்றால், "உடையவில்லை" என்று நிறுத்தாதீர்கள். "உடைந்தது, ஆனால் ஓசை கேட்டுக் காவலன் வருகின்றான்" என்று தொடருங்கள்.

கதை கெடாதிருக்க நடத்துநர் பகடையை மறைத்து உருட்டி, வந்த எண்ணைச் சிறிது மாற்றிச் சொல்லலாம் என்று கூறுவோரும் உளர். பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காகச் செய்யும் பொய் தீதன்று என்பது அவர்தம் வாதம். யான் அதற்கு உடன்படேன். ஒருமுறை மாற்றியது தெரிந்துவிட்டால், பின்னர் வரும் வெற்றிகளும் இரவல் வெற்றிகளே. வரும் விளைவை ஏற்க மனமில்லை என்றால் பகடையை உருட்டாதிருங்கள். உருட்டிவிட்டால் வந்ததை ஏற்றுக்கொள்ளுங்கள்.

தீர்ப்புக் கூறுவதில் விரைவும் கூடாது. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தீயவன் அல்லன், ஆராயாமல் தீர்ப்பளித்தவன். ஒரு கணத்தின் கவனக்குறைவு அவன் உயிரையும் மதுரை நகரையும் விலையாகக் கொண்டது. ஆட்டத்தில் நேரும் பிழைக்கு அத்துணைப் பெரிய விலை இல்லை. எனினும் "யான் சொன்னது தவறு, திருத்திக்கொள்கின்றேன்" என்று ஐந்து பிள்ளைகள்முன் சொல்லப் பழகியவன், பின்னாளில் பெரிய அவையிலும் அதனைச் சொல்ல அஞ்சமாட்டான்.

அவையறிதல்

கதைக்கு அச்சம் வேண்டும். ஆனால் அச்சத்திற்கும் அளவு வேண்டும். நம் பகுதியில் பல பிள்ளைகளின் தந்தையர் கடலுக்குச் செல்பவர். ஆலைகளில் இரவு முறை வேலை பார்ப்பவர். 2004 திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையை மறவாத குடும்பங்கள் இக்கரையில் உள. அத்தகைய வீட்டுப் பிள்ளை வட்டத்தில் அமர்ந்திருக்க, "அலை எழுந்தது, படகு கவிழ்ந்தது, ஒருவரும் திரும்பவில்லை" என்று சுவைக்காகச் சொல்லலாமா? ஆட்டம் தொடங்குமுன், "இக்கதையில் எது வேண்டா?" என்று எல்லோரையும் கேட்டுவிடுங்கள். காரணம் கேளாதீர்கள். வேண்டா என்றதை விலக்கிவிடுங்கள்.

வட்டத்தில் உரக்கப் பேசுபவன் ஒருவன் எப்பொழுதும் இருப்பான். வாய் திறவாதவள் ஒருத்தியும் இருப்பாள். முன்னவனை அடக்கத் தேவையில்லை. பின்னவளை நோக்கி, "நீ அங்கே என்ன காண்கின்றாய்?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருந்தால் போதும். சிலர்க்கு விடை வாயை எட்டச் சற்று நேரம் செல்லும்.

ஒரு மறுப்பு

"படிக்க வேண்டிய பிள்ளைகள் கற்பனைக் கதையில் பொழுது போக்கலாமா?" என்று பெற்றோர் சிலர் கேட்பர். 1980-களில் அமெரிக்க நாட்டிலும் இவ்வாட்டம் பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று பலர் அஞ்சினர். அந்த அச்சம் நாளடைவில் தணிந்தது. பொழுதைத் தின்னும் ஆட்டம் எதற்கும் அளவு வேண்டும் என்பதை யானும் மறுக்கவில்லை. வாரத்திற்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம் போதும். ஆனால் கைப்பேசித் திரையைத் தனித்தனியே நோக்கியிருக்கும் ஐவரையும், ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கிப் பேசும் ஐவரையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுதல் முறையன்று. பிறர் நிலையில் தன்னை வைத்துப் பார்க்கும் பழக்கம் எல்லாக் கல்விக்கும் அடிப்படை. மீனவன் மகள் நீதிபதியாகவும், அலுவலர் மகன் சுமைதூக்குவோனாகவும் இரண்டு மணி நேரம் வாழ்ந்து பார்ப்பது வீண்பொழுது ஆகாது.

மீண்டும் எம்டன்

இரண்டு வாரம் கழித்து, அதே ஐந்து பிள்ளைகளை அழைத்தேன். மீனவச் சிறுவன் வரமாட்டான் என்றே எண்ணினேன்; வந்தான். அவனிடம், "அன்று யான் தவறு செய்தேன், உன் பாட்டி எங்கே இருக்கின்றார்?" என்று கேட்டேன். அவன் முகம் மலர்ந்தது.

அதே இரவு, அதே எம்டன். இம்முறை என் கையில் இருந்தது ஒரே பக்கம். சிறுவன் வீட்டிற்கு ஓடினான். பாட்டியாக யான் பேசினேன். "நாற்பது ஆண்டு இக்கரையில் இருந்துவிட்டேன், வலையையும் கோழிகளையும் விட்டு எங்கும் வரமாட்டேன்" என்றேன். இரயில் நிலையத்தில் சுமை தூக்குபவளாக ஆடிய என் பெயர்த்தி தள்ளுவண்டி கொண்டுவருவதாகச் சொன்னாள். வாய் திறவாத சிறுமி முதன்முறையாகப் பேசி, கோழிகளைப் பறியில் அடைக்கலாம் என்றாள். மற்றொருவன் கோழியைப் பிடிக்கப் பகடை உருட்டினான், மூன்று விழுந்தது, கோழி கூரைமேல் ஏறிற்று. திண்ணையே அதிர நகைத்தனர். பாட்டியை இணங்கவைக்க மட்டும் யான் பகடை உருட்டச் சொல்லவில்லை. அதனைப் பேசித்தான் முடிக்க வேண்டும் என்றேன். அவர்கள் பேசினர், கெஞ்சினர், தமக்குள் சண்டையிட்டனர், இறுதியில் சிறுவன், "நீ வராவிட்டால் நானும் போகமாட்டேன்" என்றான். அதன்பின் பாட்டியால் மறுக்க இயலவில்லை. பாட்டியாக இருந்த என்னாலும் பேச இயலவில்லை.

ஒருவரும் எண்ணெய்த் தொட்டிப் பக்கம் போகவில்லை. அது தொலைவில் வானைச் சிவக்க வைத்து எரிந்துகொண்டிருந்தது. தள்ளுவண்டியில் ஒரு மூதாட்டியும், பறியில் சில கோழிகளும், ஐந்து பிள்ளைகளுமாக இருட்டில் திருவொற்றியூர்ச் சாலையில் வடக்கே சென்றனர். யான் எழுதிய வீரவுரையை யாரும் ஆற்றவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் சிறுவன், "அடுத்த வாரம் நான் நடத்தட்டுமா, தாத்தா? எண்ணூர்க் கழிமுகத்தில் ஒரு கதை வைத்திருக்கிறேன்" என்றான். யான் என் இருக்கையை அவனுக்கு விட்டுக்கொடுத்தேன். அடுத்த வாரம் யான் ஆடுவோருள் ஒருவனாக அமர்ந்தேன். கொற்றலையாற்றின் கழியில் இறால் பிடிக்கும் முதியவன் என் பாத்திரம். இருட்டில் படகின் அருகே ஏதோ அசைந்ததாகச் சொல்லிவிட்டு, அவன் என்னை நோக்கி, "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டான், கேட்டுவிட்டு, என் விடைக்காகப் பொறுத்திருந்தான்.

மாணவர்களே! இக்கலைக்கு விலைகூடிய பொருள் எதுவும் வேண்டா. பகடை இரண்டு, தாள் ஒன்று, நண்பர் நால்வர் போதும். இடத்தை நன்கு அறிந்துவையுங்கள், முடிவை அறிந்துவைக்காதீர்கள். பகடையை எல்லோர் முன்னிலும் உருட்டுங்கள். வினவுங்கள், வினவியபின் செவிகொடுங்கள். உங்கள் இருக்கையை அடுத்தவர்க்கு அளிக்கும் நாளை எதிர்நோக்கியிருங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் யான் வகுப்பில் பேசினேன். அத்திண்ணையில்தான் கேட்கக் கற்றேன். நீங்கள் அத்துணைக் காலம் காத்திருக்க வேண்டா.